தேவை என்னும் பாவு

நுழையும்முன்

ஒரு பொருளைச் செய்வோரும் அதைக் கேட்போரும் ஒரே ஊரில் வாழ்ந்த காலம் மாறிவிட்டது. இன்று சென்னையில் எழுதப்படும் மென்பொருளுக்குரிய விருப்பம் அமெரிக்காவில் பிறக்கிறது. அதன் ஒரு பகுதி செருமனியில் உருவாகிறது. பயன்படுத்துவோர் உலகெங்கும் இருக்கின்றனர். இவ்வாறு பிரிந்திருப்போர் அனைவரும் ஒன்றையே விரும்புகின்றனர், ஒன்றையே செய்கின்றனர் என்பதை எவ்வாறு உறுதிசெய்வது? மென்பொருள் துறையின் இக்கடினமான வினாவிற்கு, நம் ஊர்த் தறிகளும் தமிழ்க் கணினியின் வரலாறும் விடை காட்டுகின்றன.

தறியும் கணினியும்

சேலத்திற்கு மேற்கே, கஞ்சமலையை அடுத்து அமைந்த பேரூர் இளம்பிள்ளை. சேலை நெசவும் சேலை வணிகமும் இவ்வூரின் உயிர்நாடி. சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தறியோசை கேட்டபடியே இருக்கும். இங்கு நெய்யப்படும் சேலைகள் பிற மாநிலங்களுக்கும், தமிழர் வாழும் அயல்நாடுகளுக்கும் செல்கின்றன.

ஒரு சேலை உருவாகும் வழியை உற்று நோக்குவோம். வணிகர் ஒருவர், கரையில் அன்னமும் முந்தானையில் மயிலும் அமைந்த சேலை வேண்டும் என்கிறார். வடிவமைப்பாளர் அதனைக் கட்டமிட்ட தாளில் வரைகிறார். ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு இழையும் ஓர் ஊடை இழையும் சந்திக்கும் இடத்தைக் குறிக்கும். அவ்வரைபடத்தின்படி அட்டைகளில் துளைகள் இடப்படுகின்றன. ஓர் அட்டை, ஓர் ஊடை இழைக்கு உரியது. துளை உள்ள இடத்தில் பாவு இழை உயரும். துளை இல்லாத இடத்தில் உயராது. அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டுத் தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் ஏற்றப்படுகின்றன. வணிகரின் விருப்பம், வரைபடமாகவும் துளையாகவும் துணியாகவும் மூன்று முறை உருமாறுகிறது. இம்மூன்றில் எந்தவோர் இடத்தில் பிழை நேர்ந்தாலும் மயிலின் கழுத்து முறிந்துவிடும்.

இப்பெட்டியை உருவாக்கியவர் பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சார்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு. 1804ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். துளையிட்ட அட்டையால் ஓர் எந்திரத்திற்குக் கட்டளையிடலாம் என்னும் இக்கருத்தை இங்கிலாந்தின் சார்லசு பாபேசு தம் பகுப்பாய்வு எந்திரத்திற்கு எடுத்துக்கொண்டார். அவ்வெந்திரத்தைக் குறித்து 1843ஆம் ஆண்டில் விரிவான குறிப்புகள் எழுதிய அடா லவ்லேசு, ஜக்கார்டு தறி பூக்களை நெய்வதையும் இவ்வெந்திரம் கணித வடிவங்களை நெய்வதையும் ஒப்பிட்டுக் காட்டினார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எர்மன் ஒலரித்து துளையட்டைகளைக் கொண்டே விவரங்களைத் தொகுத்தார். தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு வெறும் உவமையன்று, அது வரலாறு.

தெரியுமா?
ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பட்டு நூலால் தறியிலேயே நெய்யப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 24,000 துளையட்டைகள் தேவைப்பட்டன. அப்படத்தின் படி ஒன்றைப் பாபேசு வாங்கி வைத்திருந்தார்.

தேவை என்பது யாது?

மென்பொருள் ஒன்று என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும் என்பதை வரையறுக்கும் கூற்றே ‘தேவை’ எனப்படும். தேவைகளைத் திரட்டுதல், ஆராய்தல், எழுதுதல், சரிபார்த்தல், அவை மாறும்போது மாற்றத்தை ஒழுங்குபடுத்துதல் ஆகிய பணிகளின் தொகுப்பு ‘தேவை மேலாண்மை’ ஆகும்.

தேவைகள் இரு வகைப்படும். மென்பொருள் செய்ய வேண்டிய செயலைக் கூறுவது செயல்சார் தேவை. அச்செயல் எத்தகைய பண்புடன் நடைபெற வேண்டும் என்பதைக் கூறுவது பண்புசார் தேவை. இளம்பிள்ளை வணிகர் ஒருவர், உலகெங்கும் சேலை விற்பதற்கான செயலி ஒன்றை உருவாக்க விரும்புகிறார் என்று கொள்வோம். ‘வாடிக்கையாளர் சேலையைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்த இயல வேண்டும்’ என்பது செயல்சார் தேவை. ‘தேர்ந்தெடுத்த சேலையின் படம் மூன்று விநாடிக்குள் தோன்ற வேண்டும்’ என்பது பண்புசார் தேவை.

நல்ல தேவைக்கூற்றின் முதல் இலக்கணம் ஐயமின்மை. ‘படம் விரைவாகத் தோன்ற வேண்டும்’ என்று எழுதினால், ‘விரைவு’ என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாகும். ‘மூன்று விநாடிக்குள்’ என்றால் யாரும் அளந்து பார்க்கலாம். ‘புதிய வாடிக்கையாளர் பட்டியல்’ என்னும் தொடரை நோக்குக. புதியது வாடிக்கையாளரா, பட்டியலா? ‘புதிய வாடிக்கையாளர்களின் பட்டியல்’ என்றோ ‘வாடிக்கையாளர்களின் புதிய பட்டியல்’ என்றோ எழுதினால் ஐயம் நீங்கும். ஒரு வேற்றுமை உருபும் ஓர் அடைமொழியின் இடமும், மென்பொருளின் போக்கையே மாற்றிவிடும்.

தொலைவு உண்டாக்கும் இடர்கள்

தறிக்கூடத்தில் ஐயம் எழுந்தால் நெசவாளர் எழுந்து சென்று வடிவமைப்பாளரைக் கேட்டுவிடலாம். குழுக்கள் நாடுகடந்து பிரிந்திருக்கும்போது அவ்வாய்ப்பு இல்லை. அதனால் எழும் இடர்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது காலம். இந்திய நேரம், உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. கோடைக்காலத்தில் சென்னையில் காலை 10 மணி என்றால், கலிபோர்னியாவில் முந்தைய நாள் இரவு 9.30 மணி. இங்கு மாலையில் கேட்கப்படும் வினாவிற்கு மறுநாளே விடை கிடைக்கும். விடையில் மீண்டும் ஓர் ஐயம் எனில், மற்றொரு நாள் கழியும். காத்திருக்க மனமில்லாத ஒருவர், தாமே ஒரு பொருள் கொண்டு பணியைத் தொடர்வார். பிழை பெரும்பாலும் அவ்விடத்திலேயே நுழைகிறது.

இரண்டாவது சொல். அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து, கிளிப்பச்சை என்பன நம் சேலைக் கடைகளில் அன்றாடம் வழங்கும் நிறப்பெயர்கள். செருமனியில் அமர்ந்து செயலி எழுதுபவருக்கு மயிலின் கழுத்து நீலமா, பச்சையா? மயில்கழுத்து நிறம் இரு வண்ண இழைகள் கலந்து, பார்க்கும் கோணத்திற்கேற்ப மாறித் தோன்றுவது. ஒரே படத்தால் அதனைக் காட்ட இயலாது. இதனை அறிந்தவர் இளம்பிள்ளையில் இருக்கிறார். அறிய வேண்டியவர் வேறு நாட்டில் இருக்கிறார்.

மூன்றாவது வழக்கம். 05.04 என்னும் தேதி இந்தியருக்கு ஏப்பிரல் ஐந்து. அமெரிக்கருக்கு மே நான்கு. சேலையின் நீளம் ‘6’ என்று மட்டும் எழுதப்பட்டால், ஒருவர் அதனைக் கஜமாகக் கொள்வார். மற்றொருவர் மீட்டராகக் கொள்வார். ஆறு கஜம் என்பது ஏறத்தாழ ஐந்தரை மீட்டர்தான். இடையே அரை மீட்டர் காணாமற்போகும். இங்கு எண்ணில் பிழையில்லை. எழுதாமல் விட்ட அலகில் பிழை இருக்கிறது.

நான்காவது தொடர்பின் பெருக்கம். குழுவில் ஐவர் இருந்தால், இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் தொடர்புகள் 10. பதின்மர் எனில் 45. இருபதின்மர் எனில் 190. ஆட்களைக் கூட்டினால் பணி விரையும் என்பது எப்போதும் மெய்யன்று என்பதைப் பிரெடு புரூக்சு 1975ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இக்கணக்கைக் கொண்டு விளக்கினார்.

செவ்வாயில் சிதைந்த கலம்

அலகு மாறினால் என்ன நேரும் என்பதற்கு விண்வெளி வரலாற்றில் பெருஞ்சான்று ஒன்று உண்டு. செவ்வாயின் காலநிலையை ஆராய அமெரிக்காவின் நாசா, 1998ஆம் ஆண்டு திசம்பர் 11 அன்று ஒரு விண்கலத்தை ஏவியது. அதனைக் கட்டமைத்த லாக்கீடு மார்ட்டின் நிறுவனக் குழு டென்வர் நகரில் இருந்தது. வழிநடத்திய தாரை உந்துமை ஆய்வகக் குழு கலிபோர்னியாவின் பாசடீனாவில் இருந்தது.

கலத்தின் சிறு உந்திகள் உண்டாக்கும் கணத்தாக்கை டென்வர் குழுவின் மென்பொருள் பவுண்டு-விநாடி அலகில் கணித்தது. பாசடீனா குழுவின் மென்பொருள் அவ்வெண்களை நியூட்டன்-விநாடி எனக் கொண்டது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. மெட்ரிக் அலகையே பயன்படுத்த வேண்டும் என்று தேவை ஆவணம் தெளிவாகவே கூறியிருந்தது. ஆனால், எழுதப்பட்ட அத்தேவையின்படி மென்பொருள் அமைந்துள்ளதா என்று எவரும் முழுமையாகச் சரிபார்க்கவில்லை.

ஒன்பது மாதங்களுக்கு மேலான பயணத்தில் சிறுசிறு வேறுபாடுகள் சேர்ந்துகொண்டே வந்தன. கணிப்பு பொருந்தவில்லை என்பதை வழிநடத்துநர் சிலர் கவனித்தனர். எனினும், அவர்களது ஐயம் உரிய முறையில் பதிவு பெறவில்லை. பேச்சாகவும் மின்னஞ்சலாகவும் நின்றுவிட்டது. 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று, செவ்வாயின் பரப்பிற்கு மேல் ஏறத்தாழ 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம், 57 கிலோமீட்டர் உயரத்திற்குத் தாழ்ந்தது. கலத்துடனான தொடர்பு அன்றே அற்றுப்போனது.

இந்நிகழ்வை ஒரு தனிமனிதரின் தவறாகக் கருதி நாசா முடித்துவிடவில்லை. மனிதர் பிழை செய்வது இயல்பு. அப்பிழையை உரிய காலத்தில் கண்டறியும் ஒழுங்கு இல்லாமற்போனதே உண்மைக் குறை என்று அது அறிந்தேற்றது. தேவையை எழுதினால் மட்டும் போதாது. அது நிறைவேறியதா என்பதை இறுதிவரை தொடர்ந்து நோக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஒரு மொழியின் தேவை

உலகெங்கும் சிதறியிருந்தோர் ஒன்றுகூடி ஒரு தேவையை வரையறுத்த வரலாறு தமிழுக்கும் உண்டு. கணினியில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகவே சேமிக்கப்படும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் ஒழுங்கே குறியாக்கம். 1990களில் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்ற குறியாக்கத்தைக் கையாண்டனர். ஆகவே, ஒரு கணினியில் எழுதிய தமிழ்க் கடிதம், அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. சிங்கப்பூரில் இருந்த மகன் எழுதியதைத் தமிழ்நாட்டில் இருந்த தந்தை படிக்க இயலாத நிலை.

தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா எனப் பல இடங்களில் வாழ்ந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் இச்சிக்கலைத் தீர்க்க முனைந்தனர். 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்இணையம் 99’ மாநாட்டின் பயனாக டாம், டாப் ஆகிய குறியாக்கங்களும், உயிரெழுத்துகளை இடப்புறமும் மெய்யெழுத்துகளை வலப்புறமும் கொண்ட ‘தமிழ் 99’ விசைப்பலகையும் உருவாயின. அயலகத் தமிழர் பலர் மின்னஞ்சல் வழியே கலந்து பேசித் திசுக்கி என்னும் குறியாக்கத்தை உருவாக்கினர். 2000ஆம் ஆண்டில், பல நாட்டவரையும் ஒருங்கிணைக்க ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல்தொழில்நுட்ப மன்றம் தோன்றியது.

இங்கும் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. 1991ஆம் ஆண்டில் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பு, தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. அதில் ‘கி’ என்னும் உயிர்மெய் தனி இடம் பெறவில்லை; ககரமும் இகரக் குறியும் இணைந்தே அது உருவாகும். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்பது ஒரு சாராரின் வேண்டுகோள். உலகம் ஏற்ற பொதுத்தரத்தோடு இணைந்து செல்ல வேண்டும் என்பது மற்றொரு சாராரின் நிலைப்பாடு. இருவருமே தமிழின் நலனைத்தான் நாடினர். தேவை என்பது ஒருவர் சொல்லிப் பிறர் கேட்பது மட்டுமன்று. முரண்படும் தேவைகளை எடைபோட்டு முடிவெடுப்பதும் ஆகும். 2010ஆம் ஆண்டு சூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், எல்லா எழுத்துகளுக்கும் தனியிடம் தரும் 16 பிட்டுக் குறியாக்கத்தையும் தரங்களாக அறிவித்தது.

ஒருங்குறியும் முதற்பதிப்போடு நின்றுவிடவில்லை. தமிழ்ச் சுழி எண் 2005ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. பழந்தமிழ்ப் பின்னங்கள், அளவைக் குறிகள் முதலிய 51 குறிகள் 2019ஆம் ஆண்டில் இடம்பெற்றன. ஒவ்வொரு சேர்க்கையும் எழுத்து வடிவிலான முன்மொழிவாகவும் சான்றாகவும் அளிக்கப்பட்டு, ஆராயப்பட்டு, பதிப்பு எண்ணோடு வெளியிடப்பட்டது. முன்பே இடம்பெற்ற எழுத்தின் எண் மாற்றப்படுவதில்லை. ஆதலால் பழைய ஆவணங்கள் இன்றும் படிக்கத்தக்கனவாக உள்ளன. இன்று கைப்பேசியில் நாம் எழுதும் தமிழ், எந்நாட்டிலும் தமிழாகவே தோன்றுவதற்கு இவ்வொழுங்கே அடிப்படை.

தேவைகளைப் பேணும் முறைகள்

பிரிந்திருக்கும் குழுக்கள் ஒருமித்துப் பணியாற்றப் பல முறைகள் கடைப்பிடிக்கப்படுகின்றன. அவற்றுள் இன்றியமையாதன வருமாறு.

ஒரே ஆவணம்: தேவைகள் அனைத்தும் எல்லாக் குழுவினரும் காணத்தக்க ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் தனிப்படி வைத்துக்கொண்டால், எது இறுதியானது என்பது தெரியாது. ஒவ்வொரு தேவைக்கும் தனி எண்ணும், மாற்றத்தின்போது பதிப்பு எண்ணும் இடப்பட வேண்டும்.

சொற்பொருள் பட்டியல்: துறைச்சொற்களுக்கு உரிய பொருளும் அளவைகளுக்கு உரிய அலகும் முன்னரே வரையறுக்கப்பட வேண்டும். மயில்கழுத்து என்பதற்கு விளக்கமும் மாதிரிப் படமும், நீளத்திற்கு மீட்டர் என்னும் அலகும் குறிக்கப்பட்டால், மேற்கண்ட குழப்பங்கள் எழா.

தடமறிதல்: ஒவ்வொரு தேவையும் யாரால் கேட்கப்பட்டது, மென்பொருளின் எப்பகுதியில் நிறைவேறியது, எச்சோதனையால் உறுதிசெய்யப்பட்டது என்பதைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்தல் வேண்டும். துணியில் பிழை கண்டால், அட்டையிலா வரைபடத்திலா என்று பின்னோக்கிச் சென்று கண்டறிவதைப் போன்றது இது.

மாதிரி காட்டல்: முழுச் சேலையையும் நெய்வதற்குமுன் சிறு பகுதியை நெய்து காட்டுவது நெசவாளர் வழக்கம். மென்பொருளையும் சிறுசிறு பகுதியாக உருவாக்கி, அவ்வப்போது பயனரிடம் காட்டித் திருத்தும் முறை, 2001ஆம் ஆண்டில் வெளியான ஓர் அறிக்கைக்குப்பின் உலகெங்கும் பரவியது. சொல்லால் விளங்காத தேவை, கண்ணால் கண்டதும் விளங்கிவிடும்.

மாற்றக் கட்டுப்பாடு: தேவைகள் மாறுவது இயல்பு. ஆனால், எந்த மாற்றம் எப்போது வருகிறது என்பதில்தான் இழப்பு அடங்கியுள்ளது. நெய்துகொண்டிருக்கும்போதே ஊடையின் நிறத்தை மாற்றிவிடலாம். தறியில் ஏற்றிவிட்ட பாவின் இழை எண்ணிக்கையை மாற்ற வேண்டுமெனில், பாவையே அகற்றிப் புதிதாக ஏற்ற வேண்டும். அதுவரை செலவான நூலும் உழைப்பும் வீண். மென்பொருளிலும் தேவை எழுதும் நிலையில் எளிதாகத் திருத்தக்கூடிய பிழை, பயன்பாட்டிற்கு வந்தபின் பன்மடங்கு செலவில்தான் திருந்தும். ஆகவே, மாற்றம் கேட்கப்படும்போது அது ஊடையைத் தொடுகிறதா, பாவைத் தொடுகிறதா என்று முதலில் ஆராய வேண்டும்.

தெரிந்து தெளிவோம்
1968ஆம் ஆண்டு அக்டோபரில் செருமனியின் கார்மிசு நகரில் நடந்த மாநாடே ‘மென்பொருள் பொறியியல்’ என்னும் பெயரை உலகறியச் செய்தது. எழுதப்படும் மென்பொருள்கள் தேவைக்குப் பொருந்தாமலும் காலம் தாழ்ந்தும் வந்ததே அம்மாநாடு கூடக் காரணமாயிற்று.

கேட்கப்படாத குரல்கள்

தேவை மேலாண்மையில் தொழில்நுட்பத்தைக் கடந்த அறமும் ஒன்று உண்டு. கூட்டத்தில் அமர்ந்திருப்போரின் தேவைகள் மட்டுமே ஆவணத்தில் இடம்பெறுவது எளிது. மேற்கூறிய சேலைச் செயலியை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். வணிகரின் தேவை கேட்கப்பட்டது. வாடிக்கையாளரின் தேவையும் கேட்கப்பட்டது. சேலையை நெய்யும் பெண்ணின் தேவையைக் கேட்டது யார்? ‘விரும்பிய நிறத்தில் ஐந்து நாளில் சேலை அளிக்கப்படும்’ என்று செயலி வாக்களித்தால், அந்த ஐந்து நாள் யாருடைய உறக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது? வந்த சேலையைப் படத்தின் நிறத்தோடு பொருந்தவில்லை என்று வாடிக்கையாளர் திருப்பியனுப்பினால், அவ்விழப்பைத் தாங்குபவர் யார்? இவற்றை முன்கூட்டியே கேட்டு எழுதுவதும் தேவை மேலாண்மையின் பணியே.

உலகின் எம்மூலையில் இருப்போருக்காகவும் நம் ஊரிலிருந்தே பணியாற்றும் வாய்ப்பு இன்றைய மாணவர்க்கு உண்டு. அதற்கு நிரல் எழுதும் திறன் வேண்டும். அதனினும் முதலாவதாகப் பிறர் கூறுவதைப் பொறுமையாகக் கேட்கும் திறனும், கேட்டதை இருபொருள் படாமல் எழுதும் திறனும் வேண்டும். அவை மொழிப்பாடம் வளர்க்கும் திறன்கள். பாவு சீராக ஏறிய தறியில் எந்த வண்ணத்தையும் ஊடையாகச் செலுத்தலாம்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளி நூலகத்திற்கு ஒரு செயலி உருவாக்குவதாகக் கொண்டு, மாணவர், ஆசிரியர், நூலகர் ஆகியோரிடம் கேட்டுப் பத்துத் தேவைகளைத் தொகுக்க. அவற்றைச் செயல்சார் தேவை, பண்புசார் தேவை என வகைப்படுத்துக.
2. நாளிதழ் விளம்பரங்களிலிருந்து இருபொருள் தரும் தொடர்கள் ஐந்தைத் திரட்டி, ஐயம் நீங்குமாறு திருத்தி எழுதுக.
3. உங்கள் ஊரின் தொழில் ஒன்றில் வழங்கும் சொற்களுக்கு, அயலார் புரிந்துகொள்ளும் வகையில் சொற்பொருள் பட்டியல் உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. ஜக்கார்டு அட்டையில் துளை உள்ள இடம் குறிப்பது
அ) ஊடை இழை அறுதல் ஆ) பாவு இழை உயர்தல் இ) நிறம் மாறுதல் ஈ) தறி நிற்றல்
2. பதின்மர் கொண்ட குழுவில் இருவர் இருவராக அமையும் தொடர்புகளின் எண்ணிக்கை
அ) 10 ஆ) 20 இ) 45 ஈ) 190

குறுவினா
1. செயல்சார் தேவை, பண்புசார் தேவை – வேறுபடுத்துக.
2. தடமறிதல் என்றால் என்ன?

சிறுவினா
1. 1990களில் தமிழ்க் குறியாக்கத்தில் நிலவிய சிக்கலை விளக்குக.
2. ‘ஊடையைத் தொடும் மாற்றம், பாவைத் தொடும் மாற்றம்’ – கட்டுரை வழி விளக்குக.

நெடுவினா
செவ்வாய் விண்கலத்தின் இழப்பும் தமிழ்க் குறியாக்கத்தின் வளர்ச்சியும் தேவை மேலாண்மை குறித்து உணர்த்தும் கருத்துகளைத் தொகுத்து எழுதுக.